அரெஸ்ட் ஆய்வு (லண்டன்)

அரெஸ்ட் ஆய்வு, மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று, ஆம்புலன்ஸ் குழுவின் முயற்சியால் துடிப்பு மீண்டவரை எங்கே கொண்டுசெல்வது என்பதைச் சோதித்த சமவாய்ப்பு மருத்துவ ஆய்வு. 2018 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 32 மருத்துவமனைகளுடன் நடத்திய இதில் 862 பேர் சேர்க்கப்பட்டனர். முடிவுகள் 2023இல் லான்செட் இதழில் வெளியாயின.

தெற்கு லண்டனின் நோர்பரியை எடுத்துக்கொண்டால் கேள்வியின் கூர்மை புரியும். தோர்ன்டன் ஹீத்திலுள்ள க்ராய்டன் பல்கலைக்கழக மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. இதயச் சிறப்பு மையங்கள் உள்ள டூட்டிங் செயின்ட் ஜார்ஜ், டென்மார்க் ஹில் கிங்ஸ் இரண்டும் சற்றுத் தள்ளி. சிறப்பு மையமே உயிர்காக்கும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானது. ஆனால் சிறப்பு மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள், அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் என்ற இரு பிரிவிலும் 30 நாள் இறப்பு 63 விழுக்காடு.

ஈசிஜியில் எஸ்டி உயர்வு காட்டியவர்கள் ஆய்வில் இல்லையே என்பது நியாயமான மறுப்பு. அடைபட்ட ரத்தக்குழாயை உடனே திறக்க வேண்டிய அவர்களுக்குச் சிறப்பு மையமே இன்றும் உரிய இடம். இம்முடிவு அவர்களைத் தொடாது. மருத்துவமனைகள் நெருங்கியிருக்கும் லண்டனின் முடிவு தொலைதூர ஊர்களுக்குப் பொருந்துமா என்பது இன்னொரு மறுப்பு. பொருந்தும் என்று சொல்ல இவ்வாய்வில் ஆதாரமில்லை. இரு பிரிவிலும் இறப்பு ஒன்றாக இருந்ததற்கு ஒரு விளக்கம் உண்டு: எஸ்டி உயர்வு இல்லாத பலருக்கு இதயம் நின்ற நிமிடங்களிலேயே மூளை சேதமடைந்துவிடுகிறது. அதை எந்த மையமும் பின்னர் சரிசெய்ய முடியாது. ஆகவே அருகிலிருப்பவரின் மார்பழுத்தமும் டிஃபிப்ரிலேட்டரும்தான் முதலீட்டுக்கு முதல் உரிமை உடையவை.