கல்லீரற் கட்டியும் கேளா ஒலியும்

கட்டியைச் சுட்டுத் தீய்க்கும் வழக்கம் மனித இனத்துக்குப் புதியதன்று. எகிப்து நாட்டுப் பழைய மருத்துவ ஏடு ஒன்று, மார்பில் எழுந்த கட்டியைத் தீயாற் சுட்டதைப் பேசுகிறது. ஆயினும் நெடுங்காலம் வரை, கண்ணுக்குத் தெரிந்த கட்டியை மட்டுமே மருத்துவரால் சுட முடிந்தது. விலா எலும்புகளின் மறைவில், குருதி நிறைந்து கிடக்கும் கல்லீரலுக்குள் வளரும் கட்டியை எவ்வாறு சுடுவது? வயிற்றைத் திறந்து ஈரலின் ஒரு பகுதியை வெட்டியெடுப்பதே வழியாக இருந்தது. அதிலும் ஓர் இடர் உண்டு. ஈரலில் தோன்றும் புற்று, பெரும்பாலும் முன்னரே நலிந்து சுருங்கிய ஈரலிலேயே தோன்றுகிறது. வெட்டிய பின் எஞ்சும் பகுதி உடலைத் தாங்காது. ஆகவே நோயாளர் பலருக்குக் கத்தியால் பயன் விளையவில்லை.

சுடும் கருவி முன்னரே பிறந்திருந்தது. 1891-இல் பிரெஞ்சு அறிஞர் தார்சோன்வால், மிக விரைவாகத் திசைமாறும் மின்னோட்டம் தசையைத் துடிக்கச் செய்யாமல் உடலினூடே செல்லும் என்று காட்டினார். 1926-இல் பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங் என்னும் அறுவை மருத்துவர், குருதிப் பெருக்குக்கு அஞ்சி இடையில் நிறுத்திய அறுவையை, போவி என்பார் அமைத்த மின்கருவியின் துணையால் முடித்தார். தீ கைக்கு வந்துவிட்டது, கண்தான் வரவில்லை.

அக்கண் கடலிலிருந்து வந்தது என்றால் வியப்பாகவே இருக்கும். முதல் உலகப்போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் பொருட்டு, பால் லாஞ்செவின் மனிதச் செவிக்கு எட்டாத ஒலியலைகளை, அதாவது கேளா ஒலியை, நீருக்குள் செலுத்தி எதிரொலியைத் தேடினார். அவ்வலையின் பாதையிற் சிக்கிய மீன்கள் மடிந்தன. பார்க்க உதவிய அலையே கொல்லும் அலையாகவும் இருந்தது! 1958-இல் கிளாஸ்கோ நகரில் இயான் டொனால்டும் அவர்தம் துணைவரும் கேளா ஒலியால் வயிற்றுக் கட்டிகளைப் படமாக்கி வெளியிட்டனர். தீராப் புற்று எனக் கைவிடப்பட்ட பெண்ணொருத்தியின் வயிற்றில் இருந்தது அகற்றத்தக்க நீர்க்கட்டியே என அக்கருவி காட்டியது. அவர் பிழைத்தார்.

தீயும் கண்ணும் கல்லீரலில் ஒன்றுசேர 1990 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. இத்தாலியில் ரோசியும் அமெரிக்காவில் மக்காகனும் தனித்தனியே, விலங்குகளின் ஈரலுக்குள் ஊசி செலுத்தி மின்னோட்டத்தாற் சுட்ட ஆய்வுகளை அவ்வாண்டில் வெளியிட்டனர். ஜப்பானில் செக்கியின் குழுவினர் நுண்ணலைகளைக் கொண்டு நோயாளரிடம் கண்ட பயனை 1994-இல் அறிவித்தனர்.

மின்னோட்ட முறையில் ஊசி தானாகச் சூடேறுவதில்லை. அதனைச் சூழ்ந்த திசுவே சூடேறுகிறது. வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டினால் உயிரணுக்கள் உடனே மடியும். 100 டிகிரியைக் கடந்தாலோ திசு கரிந்து, மின்னோட்டம் தடைப்பட்டு, வெப்பம் பரவாது நின்றுவிடும். ஆகவே இங்கு அவசரம் ஆகாது. அருகே பெரிய குருதிக்குழாய் ஓடுமாயின் அது வெப்பத்தை வாரிச் செல்லும். அதன் ஓரத்தில் நோய் பிழைத்துக்கொள்ளவும் கூடும். 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளிலேயே இம்முறை சிறந்த பயன் தருகிறது.

இன்னுமொரு தொல்லை உண்டு. கொதிக்கும் திசுவிலிருந்து நுண்ணிய குமிழ்கள் எழுந்து, திரையில் வெண்முகிலாகப் படர்கின்றன. வழிகாட்டிய கண்ணைத் தீயே மறைத்துவிடுகிறது. முகில் கட்டியைச் சூழ்ந்துவிட்டது என்பதனாலேயே கட்டி முழுதும் மடிந்தது என்று கொள்ளலாகாது. அதனால், பன்முறை சுடவேண்டிய கட்டியில் ஆழத்தே உள்ள பகுதியையே மருத்துவர் முதலிற் சுடுவர். மேற்பகுதியிற் தொடங்கினால் அம்முகிலின் நிழல் கீழுள்ளதை மறைக்கும். பின்னர், குருதியிற் செலுத்திய நுண்குமிழ் மருந்தின் துணையாலோ கணினிக் குறுக்குவெட்டுப் படத்தாலோ, சுட்ட இடத்திற் குருதியோட்டம் எஞ்சியுள்ளதா எனத் தேடுவர். எஞ்சியிருப்பின் ஊசி மீண்டும் உட்செல்லும்.