ஏற்றுமதி பேப்பர் எல்லாம் இப்போ ஆன்லைனில்... ஆனா ஒரு எண் மாறினா ரீஃபண்ட் நிக்கும்! ஐஸ்கேட் எப்படி வேலை செய்யுது?

திருப்பூர் பனியனோ, பொள்ளாச்சி தேங்காய் நாரோ... கப்பல் ஏறும் எந்தச் சரக்கும் முதலில் ஏற வேண்டிய இடம் ஐஸ்கேட். சுங்கத்துறையின் ஆன்லைன் நுழைவாயில் இது. ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு கஸ்டம்ஸ் ஆபீஸில் காத்திருந்த பல வேலைகள் இப்போது இதில்தான் நடக்கின்றன.

முதலில் என்ன வேணும்?

ஐஇசி எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு. டிஜிஎஃப்டி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். ஜிஎஸ்டி வந்த பிறகு உங்கள் பான் எண்ணே ஐஇசி எண். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை ஆன்லைனில் உறுதி செய்யணும். எதுவும் மாறவில்லை என்றாலும் இதைச் செய்தே ஆகணும். மறந்தால் ஐஇசி முடக்கப்படும்.

அடுத்து, பணம் வரப்போகும் வங்கியின் ஏ.டி. கோடு ஐஸ்கேட்டில் பதிவாகி இருக்கணும்.

சரக்கு எப்படி கிளம்புது?

ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி. நீங்களோ உங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்டோ இதை ஐஸ்கேட்டில் தாக்கல் செய்யலாம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் போன்றவற்றை இ-சஞ்சித் வசதியில் பதிவேற்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை பில்லில் குறிப்பிட்டால் போதும்.

இறக்குமதியில் என்ன மாற்றம்?

உணவுப் பாதுகாப்பு, தாவர நோய்த் தடுப்பு, மருந்துக் கட்டுப்பாடு என்று துறை துறையாக அலைந்த காலம் போய், 2016ல் ஸ்விஃப்ட் எனும் ஒற்றைச் சாளர முறை வந்தது. (வங்கிகள் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் வேறு!) ஒரே அறிவிப்பு, சம்பந்தப்பட்ட துறைகளுக்கு ஆன்லைனிலேயே போகும்.

2020 ஜூன் 8ல் சென்னை, பெங்களூருவில் முகமறியா மதிப்பீடு தொடங்கியது. அதாவது, சென்னையில் இறங்கும் சரக்கின் ஆவணத்தை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பரிசீலிக்கலாம். அதே ஆண்டு அக்டோபர் 31ல் இது நாடு முழுக்க வந்தது.

பணம் எங்கே சிக்குது?

ஐஜிஎஸ்டி கட்டி ஏற்றுமதி செய்தால், ரீஃபண்டுக்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை. ஷிப்பிங் பில்லே விண்ணப்பம்தான். கப்பல் அல்லது விமான நிறுவனம் சரக்கு கிளம்பியதற்கான ஏற்றுமதிப் பட்டியலைத் தாக்கல் செய்யணும். நீங்கள் ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி இரண்டையும் தாக்கல் செய்திருக்கணும்.

சிக்கல் இங்கேதான். ஷிப்பிங் பில்லில் இன்வாய்ஸ் எண் '2024/15', ஜிஎஸ்டிஆர்-1ல் வெறும் '15' என்றால், நமக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. 'எஸ்பி005' என்ற பிழை காட்டி ரீஃபண்டை நிறுத்திவிடும். அடுத்த ஆர்டருக்கு நூல் வாங்க அந்தப் பணத்தையே நம்பி இருக்கும் சிறு நிறுவனத்துக்கு இது பெரிய அடி.

சரி செய்வது எப்படி?

தப்பு ஜிஎஸ்டிஆர்-1ல் என்றால், அடுத்த ரிட்டர்னில் அட்டவணை 9ஏ மூலம் திருத்தலாம். ஷிப்பிங் பில்லில் என்றால், சரக்கு சென்ற துறைமுக கஸ்டம்ஸ் அலுவலகத்தை அணுகணும்.

அதைவிட எளிய வழி: ஏஜென்டுக்கும் ஆடிட்டருக்கும் ஒரே இன்வாய்ஸ் பிரதியைக் கொடுங்கள். எண், தேதி, தொகை இரண்டு இடத்திலும் எழுத்து பிசகாமல் இருக்கிறதா என்று தாக்கல் செய்யும் முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.