நான்கு சட்ட ஆசிரியர்களும் ஒரு கடிதமும்

உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிட்டால் பிறகு கதைக்க என்ன இருக்கு என்றுதான் நாங்கள் நினைக்கிறம். விமர்சித்தால் நீதிமன்ற அவமதிப்பாகிவிடுமோ என்ற பயம் வேறு. 1979இல் இந்தியாவில் நான்கு சட்ட ஆசிரியர்கள் அப்படி நினைக்கவில்லை.

1972 மார்ச் 26 இரவு, மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் பொலிஸ் நிலையம். முறைப்பாடொன்றின் விசாரணைக்கு வந்த மதுரா என்ற பழங்குடிச் சிறுமியை ஒரு பொலிஸ்காரர் வன்புணர்ந்தார், இன்னொருவர் பாலியல் தொல்லை செய்தார் என்பது வழக்கு. கீழ் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. பயத்தில் அடங்கிப்போவது சம்மதம் ஆகாது என்று சொல்லி உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, கூக்குரல் போட்டதற்கு ஆதாரம் இல்லை என்பதே அதற்குச் சொன்ன காரணம்.

அடுத்த ஆண்டு உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகியோர் பிரதம நீதியரசருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். பூட்டிய பொலிஸ் நிலையத்துக்குள் ஓர் ஏழைச் சிறுமி எப்படிப் போராடியிருக்க முடியும்? இரவில் அவளை அங்கே கூப்பிட்டதே சட்டப்படி சரியா? அவர்கள் கேட்டது இவ்வளவுதான். ஆனால் வகுப்பறைக்குள் கதைத்துவிட்டுப் போகாமல், எல்லாருக்கும் விளங்கும்படி வெளியே கேட்டார்கள்.

பெண்கள் அமைப்புகள் அந்தக் கடிதத்தைக் கையிலெடுத்தன. 1980 மார்ச் 8இல் பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் மாறியது. பொலிஸ் காவலில் நடக்கும் வன்புணர்வில், சம்மதிக்கவில்லை என்று பெண் சாட்சி சொன்னால் நீதிமன்றம் முதலில் அதை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும் என்றானது. இலங்கையிலும் 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, சம்மதமின்மையை நிரூபிக்க உடற்காயம் அவசியமில்லை என்று எழுதப்பட்டது.

மதுராவுக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. அந்த விடுதலைத் தீர்ப்பு அப்படியே நின்றது. ஒரு கடிதத்தால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்பதற்கு இரண்டுக்குமே இந்த வழக்குத்தான் சாட்சி. ஆனாலும் தீர்ப்புகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் வாய் மூடியிருந்தால், மற்றவர்களுக்கு எதிர்த்துக் கேட்கச் சொற்களே இருந்திராது. சட்டம் படிக்கிற எங்கட நண்பர்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.