தொடாதே என்று சொல்லாத மியூசியம்! கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையம் எதற்காக உருவானது?

கோவளத்திலிருந்து ஈசிஆரில் சென்னை பக்கம் சில கிலோமீட்டர் வந்தா முட்டுக்காடு. அங்கே 1996ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்னிந்தியாவின் பழைய வீடுகளையும் கைவினைகளையும் பாதுகாத்து வருகிறது. அதே சாலையில் திருவான்மியூர், அடையாறு தாண்டினால் கோட்டூர்புரத்தில் இன்னொரு வகை மியூசியம் இருக்கு. அதுதான் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம். பள்ளிச் சுற்றுலாவில் பலரும் பார்த்த இடம்தான். ஆனால் இது ஏன் கட்டப்பட்டது, மற்ற அருங்காட்சியகங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பது பலருக்கும் தெரியாது. விரிவாகப் பார்க்கலாம்.

சென்னையில் மியூசியம் தொடங்கிய கதை

சென்னையின் முதல் அரசு அருங்காட்சியகம் 1851ல் தொடங்கப்பட்டது. மெட்ராஸ் இலக்கியச் சங்கம் சேகரித்து வைத்திருந்த சுமார் 1,100 பாறை, கனிம மாதிரிகள்தான் அதற்கு அடித்தளம். பொறுப்பாளராக இருந்தவர் மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர். 1855ல் அவர் ஆரம்பித்த விலங்குக் காட்சிசாலைதான் இடம் மாறி மாறி, 1985ல் தாம்பரத்தை அடுத்த வண்டலூருக்கு வந்தது.

அந்தக் கால மியூசியத்தின் வேலை ரொம்ப தெளிவானது: சேகரிக்கணும், பாதுகாக்கணும், காட்டணும். பார்வையாளரின் வேலை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது மட்டுமே.

'தொட்டுப் பார்' எப்போது வந்தது?

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1903ல் பொறியாளர் ஆஸ்கர் வான் மில்லர் தொடங்கிய டாய்ச்சஸ் மியூசியம், இயந்திரங்களை இயக்கிக் காட்டும் முறையைப் பிரபலமாக்கியது. அரைக்கோளக் கூரையில் நட்சத்திரங்களை ஒளியால் காட்டும் கருவியும் 1923ல் அங்கேதான் முதன்முதலில் காட்டப்பட்டது. இன்றைய கோளரங்கங்களுக்கு அதுதான் முன்னோடி.

அடுத்த பெரிய திருப்பம் 1969ல், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில். அங்கே 'எக்ஸ்ப்ளோரடோரியம்' தொடங்கியவர் ஃப்ராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டை உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் இயக்குநர் ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அரசியல் காரணங்களால் பல்கலைக்கழக வேலையை இழந்த அவர், கால்நடைப் பண்ணை நடத்தி, பிறகு ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியரானார். மாணவர்கள் தாங்களே செய்து பார்த்தால்தான் அறிவியல் மனதில் நிற்கும் என்ற அனுபவம், அவருடைய மியூசியத்துக்கும் அடிப்படையானது.

இந்தியாவில் 1959ல் கொல்கத்தாவில் பிர்லா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பெங்களூருவில் விஸ்வேஸ்வரய்யா பெயரிலான அருங்காட்சியகம் 1965ல் மக்களுக்குத் திறந்தது. இவற்றை ஒருங்கிணைக்க 1978ல் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமம் உருவானது. நெல்லையில் உள்ள மாவட்ட அறிவியல் மையம் (1987) இந்தக் குழுமத்தைச் சேர்ந்தது.

சென்னை மையம் எப்போது வந்தது?

தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையம் 1983ல் மாநில அரசால் தொடங்கப்பட்டது. கோட்டூர்புரத்தில் காந்தி மண்டபம் சாலையில் உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் அதன் கீழ் இயங்குகிறது. இதே வளாகத்தில் பி.எம்.பிர்லா கோளரங்கம் 1988ல் திறக்கப்பட்டது. 15 மீட்டர் விட்டமுள்ள அரைக்கோளக் கூரைதான் இங்கே வானம். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்சிகள் உண்டு.

'ஏன், எதற்கு?' என்று கேட்கச் சொன்ன பெரியாரின் பெயர் இந்த இடத்துக்குப் பொருத்தம்தான். அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்கும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது அரசியல் சாசனத்தின் 51ஏ(எச்) பிரிவு. 1976ல் 42வது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பிரிவு இது.

தொட்டா என்ன புரியும்?

ஒரு சின்ன உதாரணம். அறிவியல் மையங்கள் பலவற்றில் சுழலும் நாற்காலி இருக்கும். இரண்டு கையிலும் எடைக்கல்லைப் பிடித்து, கையை நீட்டியபடி சுழல வேண்டும். கையை மார்போடு சேர்த்ததும் வேகம் சட்டென்று கூடும். யாரும் தள்ளிவிடலையே, வேகம் எங்கிருந்து வந்தது? கோண உந்தம் மாறாது என்பதுதான் விடை. எடை மையத்துக்கு அருகில் வந்தால், வேகம் கூடியே ஆக வேண்டும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோகும் விதி, இங்கே தலை சுற்றும்போது புரியும்.

கோளரங்கமும் இப்படித்தான். விடிவெள்ளியைப் பார்த்து நேரம் கணித்த கடலோர மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, விளக்கு வெளிச்சம் கூடிய புறநகர் வானத்தில் இன்று சில நட்சத்திரங்கள்தான் தெரிகின்றன. விடிவெள்ளி நட்சத்திரம் அல்ல, வெள்ளி என்ற கோள் என்பதை அரை இருட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது தாத்தா சொன்னதும் பாடத்தில் படித்ததும் ஒன்றாகச் சேரும்.

தெற்கு புறநகரிலிருந்து எப்படி போவது?

கோவளம் பக்கம் இருப்பவர்கள் ஈசிஆர் வழியாக அடையாறு வந்து போகலாம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கிண்டி இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். கோளரங்கக் காட்சிகளுக்குக் குறிப்பிட்ட நேரம் உண்டு என்பதால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பக்கத்திலேயே அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

பெற்றோர், ஆசிரியர்களுக்கு ஒரு விஷயம்: வரிசையில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் எல்லா அரங்கையும் சுற்றிக் காட்டினால், பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்ற 1851க்கே திரும்பிப் போன மாதிரிதான். பள்ளியில் ஆய்வகம் சரியாக இல்லாத பிள்ளைக்கு, சோதனையைத் தன் கையால் செய்ய இங்கேதான் முதல் வாய்ப்பு கிடைக்கலாம். பத்து கருவிகளைப் பார்த்தாலும் போதும். ஒவ்வொன்றையும் பிள்ளையே இயக்கி, 'ஏன் இப்படி ஆச்சு?' என்று கேட்கும்வரை காத்திருங்கள்.