கரையில் கட்டிய படகும் தண்டனைச் சட்டமும்: கெடாவும் தமிழகமும் – ஒரு வரலாற்று நோக்கு

கெடா மாநிலத் தமிழர்தம் வரலாறு பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரங்களைப் பற்றிய கட்டுரைகளில் லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை ஆகியவை தவறாமல் இடம்பெறும்; ஆறு இடம்பெறுவது அரிது. ஆயினும் பீடோங்கிற்கு அருகிலுள்ள சுங்கை பத்துவில், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய அகழாய்வுகளில், இரும்பு உருக்கிய இடங்களோடு பழைய படகுத்துறைகளின் செங்கல் எச்சங்களும் வெளிப்பட்டன. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் நடுவே அத்துறைகள் கிடந்தன. அவற்றை ஒட்டி ஓடிய ஆறு தூர்ந்து போய்விட்டது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கூறும் கடாரம் இவ்வட்டாரமே என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. 1025ஆம் ஆண்டுக்குரிய அப்படையெடுப்பைப் பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம். இத்துறைகளில் கட்டிக் கிடந்த படகுகளைப் பற்றி எழுதியது குறைவு.

ஓடும் படகிற்குப் புயலும் கொள்ளையரும் பகை. கட்டிக் கிடக்கும் படகிற்குத் திருட்டும் தீயுமே பகை. ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே புகுவதும், பகைமையால் நெருப்பு வைப்பதும், நீர்வழிப் பிழைப்பு நடந்த எல்லா நாட்டிலும் நிகழ்ந்தவை. இக்குற்றங்களைச் சட்டம் எவ்வாறு நோக்கியது, யாருடைய படகைக் காத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குரிய முதன்மைச் சான்று நம் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. தமிழகத்திற்கும் மலேசியாவிற்கும் ஒரே மூலத்திலிருந்து வந்த தண்டனைச் சட்டத்தொகுப்பே அது. வழக்கறிஞர்கள் அன்றாடம் புரட்டும் இந்நூலை வரலாற்று ஆவணமாக நாம் படிப்பதில்லை.

அச்சட்டத்திற்கு முந்திய மரபுகள் இரண்டை மட்டும் இங்குச் சுட்டலாம். கிழக்குக் கடற்கரையில் மோட்டுப்பள்ளி என்னும் துறைமுகத்தில், காகதிய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் வெளியிட்ட கல்வெட்டு, புயலால் கரை ஒதுங்கிய கலங்களின் பொருள்களை முன்னைய அரசர்கள் பறித்துக்கொண்டனர் என்றும், தான் முறையான சுங்கம் ஒழிய வேறெதையும் கொள்வதில்லை என்றும் கூறுகிறது. கலத்திற்குள் புகுந்து எடுத்தவன் அங்குத் திருடன் அல்லன், அரசனே என்பது நோக்கத்தக்கது. மற்றொன்று மலாக்காவின் கடற்சட்டம். அது கடலில் செல்லும் கப்பலை ஓர் அரசாகவும் நக்கோடாவை அதன் மன்னனாகவும் கருதுகிறது. இவ்விரண்டிலும் மையமாக நிற்பது கடலோடும் பெருங்கலமே. ஆற்றங்கரையில் முளையில் கட்டிய சிறு படகு இவற்றின் பார்வைக்கு வரவில்லை.

அப்படகின்மீது சட்டத்தின் கவனம் திரும்பியதற்குத் தேம்சு ஆறு ஒரு முக்கியக் காரணம் எனலாம். 18ஆம் நூற்றாண்டில் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையும் இன்னபிற சரக்கும் ஏற்றிய கப்பல்கள் இலண்டனில் நெடுநாள் நின்று, சிறு படகுகள் வழியே சரக்கை இறக்கின. அந்தக் காத்திருப்பே திருட்டிற்கு வாய்ப்பாயிற்று. 1751ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கப்பல் செல்லும் ஆற்றிலோ துறையிலோ நிற்கும் கலத்திலிருந்து நாற்பது சில்லிங் மதிப்புள்ள சரக்கைத் திருடியவனுக்கு மரண தண்டனை விதித்தது. அத்துணைக் கடுமையும் பயன் தரவில்லை. 1798இல் பாட்ரிக் கொல்கூன், ஜான் ஹாரியட் ஆகியோரின் முயற்சியால் வாப்பிங்கில் ஆற்றுக் காவல் படை தோன்றியது; 1800இல் அது அரசின் பொறுப்பிற்கு வந்தது. அப்படை காத்தது வணிகரின் சரக்கையே, படகோட்டியின் படகையன்று. பின்னர் வந்த சட்டத்தைப் படிக்கும்போது இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் இந்தியாவிற்கான தண்டனைச் சட்ட வரைவை 1837இல் அளித்தது. அது சட்டமானது 1860இல். நடைமுறைக்கு வந்தது 1862 சனவரி முதல் நாள். நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்த பின்னரும் இதே தொகுப்பைத் தழுவி 1871இல் தமக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டன. 1909 வரை சயாமின் மேலாண்மையில் இருந்த கெடா உள்ளிட்ட தீபகற்ப மாநிலங்கள் அனைத்திற்கும் ஒரே தண்டனைச் சட்டம் என்னும் நிலை, ஐக்கிய மலாய் மாநிலங்களின் தொகுப்பு 1948இல் கூட்டரசு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டபோது ஏற்பட்டது. தஞ்சையிலிருந்து பீடோங் தோட்டத்திற்கு வந்த தொழிலாளியைப் போலவே சட்டமும் கடல் கடந்து வந்தது. பிரிவு எண்கள்கூடப் பெரும்பாலும் மாறவில்லை.

இத்தொகுப்பின் 48ஆம் பிரிவு, மனிதரையோ பொருளையோ நீரின்வழிக் கொண்டுசெல்ல ஆக்கப்பட்ட எதுவும் ‘கலம்’ எனப்படும் என வரையறுக்கிறது. கட்டுமரமும் கலம், கப்பலும் கலம். 442ஆம் பிரிவு, மனிதர் வாழும் கட்டடம், கூடாரம், கலம் ஆகிய மூன்றனுள் எதில் அத்துமீறி நுழைந்தாலும் அது வீடு புகும் குற்றமே என்கிறது. படகில் வாழ்பவனுக்குப் படகே வீடு என்பதைச் சட்டம் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட இடம் இது. ஆனால் அதே பிரிவு, ஆள் வாழாது சரக்கு மட்டும் வைக்கும் இடத்தைப் பற்றிப் பேசும்போது கட்டடத்தை மட்டுமே சொல்கிறது, கலத்தை விட்டுவிடுகிறது. 380ஆம் பிரிவு அவ்வாறன்று. மனிதர் வாழும் கலமாயினும் பொருள் பாதுகாத்து வைக்கும் கலமாயினும் அதனுள் நடக்கும் திருட்டு, சாதாரணத் திருட்டினும் கொடிது. இந்தியத் தொகுப்பில் சாதாரணத் திருட்டிற்கு மூன்றாண்டு வரையும் இதற்கு ஏழாண்டு வரையும் சிறை. மலேசியாவில் முறையே ஏழாண்டு, பத்தாண்டு. ஆக, இரவில் ஆளில்லாத சரக்குப் படகிற்குள் நுழைபவன் வீடு புகுந்தவன் ஆகான். ஆனால் எதையேனும் எடுத்துவிட்டால் வீட்டில் திருடியவனுக்கு ஒப்பாவான். நுழைவைக் காட்டிலும் சரக்கின் இழப்பையே சட்டம் பெரிதாக எண்ணியது என்று இதற்குப் பொருள் கொள்வதில் தவறில்லை.

இச்சொற்கள் வெறும் ஏட்டுச் சொற்கள் அல்ல. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முடிந்த காக்ரேன் கால்வாய் பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, 1877–78 பஞ்சக் காலப் பணிகளால் கூவம், அடையாற்றிடையே இணைக்கப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. உப்பும் சவுக்கு விறகும் அதில் வந்த முக்கியச் சரக்குகள். தட்டையான அடிப்பாகம், நடுவில் கீற்று வேய்ந்த ஒரு கூரை, துடுப்புக்கோல், பாய், கரையிலிருந்து இழுக்கும் கயிறு – இவ்வளவே அப்படகு. நாள் கணக்கில் செல்லும் பயணத்தில் அதுவே படகோட்டியின் அடுக்களையும் படுக்கையும் ஆகும். இக்கரையில், சிங்கப்பூர் ஆற்றில் கப்பலுக்கும் கிடங்கிற்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கும் படகுத் தொழிலில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களே முன்னணியில் இருந்தனர். பிற்பாதியில் அது சீனர் கைக்கு மாறியது. தமிழர் இங்கு மரம் சீவுவதற்கு முன்பே படகு வலித்தவர்கள் என்பதை நம் பள்ளிப் பாடங்கள் ஒரு வரியிலேனும் சொல்லலாம்.

திருட்டைப் பொறுத்தவரை இப்படகுகள் சட்டத்தின் காப்பிற்குள் வந்துவிட்டன. தீயைப் பொறுத்தவரை நிலை வேறு. 437ஆம் பிரிவு கலத்தை அழிக்கும் அல்லது பயணத்திற்கு ஆகாததாக்கும் நோக்கில் கேடு விளைவிப்பதைத் தண்டிக்கிறது. 438ஆம் பிரிவு அதையே தீயாலோ வெடிபொருளாலோ செய்வதை இன்னும் கடுமையாகத் தண்டிக்கிறது. இந்தியத் தொகுப்பில் அதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. ஆனால் இவ்விரு பிரிவும் எல்லாக் கலத்திற்கும் உரியவை அல்ல. மேல்தளம் உடைய கலம், அல்லது இருபது டன்னும் அதற்கு மேலும் சுமக்கும் கலம் மட்டுமே இவற்றுள் அடங்கும். கீற்றுக் கூரை மேல்தளம் ஆகாது. கட்டடத்திற்குத் தீ வைப்பதைப் பேசும் 436ஆம் பிரிவும் கலத்தைக் குறிப்பிடவில்லை. எனவே, திறந்த சிறு படகை ஒருவன் கொளுத்தினால், பொதுவாகச் சொத்திற்குத் தீ வைக்கும் 435ஆம் பிரிவே எஞ்சுகிறது. அங்கு இந்தியத் தொகுப்பு நூறு ரூபாய் இழப்பை அளவுகோலாக வைத்து, ஏழாண்டு வரை சிறை விதித்தது. மனிதர் வாழ்கிறார் எனில் புகுவதற்கு வீடாக மதிக்கப்பட்ட அதே படகு, எரியும்போது வெறும் சொத்தாக மாறிவிடுகிறது. 48ஆம் பிரிவில் கப்பலுக்குச் சமமாக நின்ற கட்டுமரம் 437ஆம் பிரிவில் காணாமற் போகிறது.

பெருங்கலம் எரிந்தால் பல உயிர் போகும், ஆதலால் இவ்வேறுபாடு இயல்பே என்று வாதிடலாம். அவ்வாதம் முழுதும் பொருந்துவதன்று. உயிருக்கு ஊறு நேர்ந்தால் அதற்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. 437, 438 இரண்டும் சொத்துக்குக் கேடு விளைவித்தல் என்னும் தலைப்பின்கீழ் வருபவை. மேலும், கரையில் கட்டிய திறந்த படகில் எரிவது ஒரு குடும்பத்தின் ஒரே முதல். சரக்கிற்கு உரியவன் வேறொரு படகைப் பிடித்துக்கொள்வான்; படகிற்கு உரியவன் அப்படிச் செய்ய இயலாது. தேம்சுக் கரையில் பிறந்த பார்வை, கூவக் கரையிலும் வணிகனின் பக்கமே நின்றது என்பது என் கருத்து.

இது பழங்கதையும் அன்று. இழுவை மடிப் படகுகள் 1960களில் பரவியபோது மலேசியாவின் மேற்குக் கரையில் கரையோர மீனவருக்கும் இழுவைப் படகினருக்கும் மோதல்கள் மூண்டன. கலங்கள் எரிக்கப்பட்டன, உயிர்களும் போயின. தமிழகக் கரையில் கட்டுமர மீனவருக்கும் விசைப்படகினருக்கும் இடையே அதேபோன்ற மோதல்கள் அடுத்த பத்தாண்டில் வலுத்தன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இலும் மலேசிய மீன்வளச் சட்டம் 1985இலும் இயற்றப்பட்டன. யார் எங்கே மீன்பிடிக்கலாம் என்பதை அவை வரையறுத்தன. மேல்தளமுடைய விசைப்படகு எரிந்தால் ஒரு பிரிவு, கட்டுமரம் எரிந்தால் வேறொரு பிரிவு என்ற நிலையில் மாற்றம் நேரவில்லை.

இந்தியா 2024 சூலை முதல் நாளன்று பழைய தொகுப்பைக் கைவிட்டு பாரதிய நியாய சன்ஹிதாவை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 380ஆம் பிரிவு அங்கு 305 ஆயிற்று. 437, 438 இரண்டும் 327இல் ஒன்றாயின. அப்புதிய பிரிவில் இரயிலும் விமானமும் சேர்க்கப்பட்டுள்ளன. மேல்தளமும் இருபது டன்னும் எழுத்து மாறாமல் நிற்கின்றன. மெக்காலே மரபின் பழைய எண்களைத் தேடுவோர் இனிச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவை வழக்கில் உள்ளன. மெர்போக் ஆற்று முகத்துவாரத்துத் தஞ்சோங் டாவாயிலும் நாகப்பட்டினத்திலும் இன்று கரையோரம் கட்டிக் கிடப்பவற்றுள் பல, மேல்தளமற்ற கண்ணாடியிழைப் படகுகள். அவற்றுள் எதுவும் இருபது டன்னை எட்டாது.