துணிச் சிறகு

வாழப்பாடி பாக்கு மண்டிப் பக்கம் நின்றுகொண்டு மேற்கே பாருங்கள். அந்த நேரில் சேலத்தைத் தாண்டிப் போனால் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் ஒரு ரன்வே. கிழக்கே அதே நெடுஞ்சாலையில் ஆத்தூர், கள்ளக்குறிச்சி என்று போய்க்கொண்டே இருந்தால் உளுந்தூர்பேட்டையில் இன்னொன்று. அது இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வெள்ளைக்காரன் அவசர அவசரமாகப் போட்டது.

இரண்டு ரன்வேக்கும் நடுவில் குடியிருக்கிற ஒரு வாழப்பாடிக்காரருக்குத் திடீரென்று ஓர் ஆசை வருகிறது என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னதாக ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு, சேர்வராயன் மலையைச் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு, டிபனுக்கு வீடு திரும்ப வேண்டும். வேலைக்காக இல்லை, வியாபாரத்துக்காகவும் இல்லை. ஜாலிக்காக.

நடக்குமா? 'காசிருந்தால் ஏன் நடக்காது' என்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

நம் ஊரில் விமானம் வந்த கதையே ஜாலியில் ஆரம்பித்ததுதான். சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்தார் டி ஏஞ்சலிஸ். கார்சிகா தீவுக்காரர். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. மனுஷன் தானே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டு, சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்து வாங்கி, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் ஜனங்கள் பார்க்கப் பறந்து காட்டிவிட்டார்! ஹோட்டல்காரருக்கு எதற்கு விமானம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் பதில் சொல்லியிருப்பார் என்று தோன்றவில்லை.

அடுத்தது 1925. இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் கம்பெனி 'மாத்' என்று ஒரு குட்டி விமானத்தைப் பறக்கவிட்டது. மாத் என்றால் விட்டில் பூச்சி. மரச்சட்டம், மேலே துணி. இரண்டு பேர் உட்காரலாம். இறக்கையைப் பின்பக்கம் மடித்துக் கொட்டகையில் நிறுத்திவிடலாம். ஆமாம், துணிதான். சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி ஒரு வார்னிஷ் பூசினால், காய்ந்ததும் மத்தளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். கிழிந்தால் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். இந்த விட்டில் பூச்சியை நம்பித்தான் 1920களின் கடைசியில் டெல்லி, பம்பாய் என்று இந்தியாவில் ஃப்ளையிங் கிளப்புகள் முளைத்தன. 1930 வாக்கில் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பும் வந்துவிட்டது. அரசாங்கம் மானியம் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. நாளைக்கு யுத்தம் வந்தால் பறக்கத் தெரிந்தவன் வேண்டுமே!

பம்பாயில் ஒரு பணக்கார வீட்டுப் பையன் பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டு, 1929 பிப்ரவரியில் இந்தியாவின் நம்பர் 1 விமான லைசென்ஸை வாங்கினார். ஜே.ஆர்.டி. டாடா. அடுத்த வருஷம் ஆகா கான் ஒரு போட்டி வைத்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து காட்டும் இந்தியருக்கு 500 பவுண்டு. டாடா கராச்சியிலிருந்து கிளம்பினார். எதிர்த்திசையில் லண்டனிலிருந்து ஆஸ்பி இன்ஜினியர். பெயரே இன்ஜினியர்தான், பார்சிக்காரர், வயது 17! எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் டாடா இறங்கினால், அங்கே ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். தன்னிடம் இருந்த பிளக்கைக் கொடுத்துவிட்டுப் போனார் டாடா. அந்தப் பையன் சில மணி நேர வித்தியாசத்தில் டாடாவையே ஜெயித்துவிட்டான். பின்னாளில் இந்திய விமானப்படைக்கே தளபதியானான். தோற்றவர் 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் பறந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் அவருடைய பார்ட்னர் நெவில் வின்சென்ட். அந்தத் தபால் சர்வீஸ்தான் பிறகு ஏர் இந்தியா.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தக் காற்று கொஞ்ச காலம் அடித்தது. பெங்களூர் எச்.ஏ.எல். 1958ல் 'புஷ்பக்' என்று துணி போர்த்திய இரண்டு சீட் விமானத்தையே செய்து, நாடு முழுக்க கிளப்புகளுக்குக் கொடுத்தது. நூற்றைம்பதுக்கு மேல் செய்தார்கள். டாக்டர், வக்கீல், மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஓட்டிப் பார்த்த வண்டி அது.

அப்புறம் என்ன ஆயிற்று?

பி.காம். படித்தவன் புத்தி எதையும் வரவு செலவாகத்தான் பார்க்கும். முதல் அடி அமெரிக்காவில் விழுந்தது. 1978ல் அங்கே தயாரான சிறு ரக விமானங்கள் 17,811. 1994ல் 928. எழுத்துப் பிழை இல்லை, தொள்ளாயிரத்து இருபத்தெட்டேதான்! பொருளாதார மந்தம், பெட்ரோல் விலை எல்லாம் உண்டு. ஆனால் கழுத்தை நெரித்தது இன்ஷூரன்ஸ். முப்பது வருஷப் பழைய விமானம் விழுந்தாலும் செய்த கம்பெனி மேல் நஷ்ட ஈடு கேட்டு வழக்கு. ஒவ்வொரு விமானத்தின் விலையிலும் வழக்குச் செலவு ஏறிக்கொண்டே போனது. செஸ்னா கம்பெனி 1986ல் சின்ன விமானம் செய்வதையே நிறுத்திவிட்டது. 18 வருஷத்துக்கு மேல் பழைய விமானம் என்றால் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்று 1994ல் சட்டம் வந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார்கள். அதற்குள் விலை சாமானியன் கைக்கு எட்டாத உயரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. நம் கிளப்புகளிலோ பழைய செஸ்னாவை ஒட்டுப்போட்டே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெட்ரோல் இன்னொரு தலைவலி. இந்தச் சின்ன எஞ்சின்கள் குடிப்பது ஜெட் விமான எண்ணெயை இல்லை, அவ்கேஸ் என்ற தனி பெட்ரோலை. அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரித்து வெளியிட்டதே 2022ல்தான்.

அடுத்தது பயம். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு எந்த அரசாங்கத்துக்கும் தனி ஆள் ஒருவன் விமானம் வைத்திருப்பது ரசிக்கவில்லை. 2007 மார்ச்சில் விடுதலைப் புலிகள் கட்டுநாயக விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டார்களே, அவர்கள் பயன்படுத்தியதும் ஸ்லின் என்ற செக் நாட்டுச் சிறு விமானம்தான். பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய வண்டி! இந்தியாவில் மைக்ரோலைட் வாங்குவதற்கே உள்துறை அனுமதி வேண்டும். குடியரசு தினம் வந்தால் டெல்லியில் பாராகிளைடர், மைக்ரோலைட் எல்லாவற்றுக்கும் போலீஸ் தடை.

ஆனால் என் கணக்குப்படி, நம் நாட்டில் ஜாலிப் பறத்தலைக் கொன்றது பயமும் இல்லை, பெட்ரோலும் இல்லை. விமானத் துறையின் வெற்றிதான்! 2003ல் ஏர் டெக்கான் வந்தது. குறைந்த கட்டண விமானங்கள் வரிசையாக வந்தன. பைலட்டுகளுக்கு அடிதடி. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அரை கோடி ரூபாய் கடன் வாங்கிக்கொண்டு பையன்கள் வரிசையில் நின்றார்கள். இப்போது நீங்களே பயிற்சிப் பள்ளி முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தன் 200 மணி நேரத்தை மொத்தமாக வாங்குகிறான். இன்னொருத்தர் மாதத்துக்கு ஒரு மணி நேரம் சில்லறையில் கேட்கிறார். யாருக்கு விமானத்தைக் கொடுப்பீர்கள்? கிளப் என்ற பெயரே மெல்லத் தேய்ந்து 'பயிற்சி நிறுவனம்' ஆகிவிட்டது.

இடமும் போனது. மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்கள் பெருகப் பெருக, சின்ன வண்டி எல்லோருக்கும் இடைஞ்சல். சோழவரத்தில் போர்க்கால ரன்வே ஒன்று இருந்தது. அதில் பல வருஷம் நடந்தது கார் ரேஸ்!

காமலாபுரத்துக்கு வருவோம். 1993ல் திறந்த அந்த 1,806 மீட்டர் ரன்வே பாதி நாள் சும்மாவே கிடந்தது. 2009ல் கிங்ஃபிஷர் வந்தது, போனது. 2018ல் ட்ரூஜெட் வந்தது, போனது. 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் வந்தன. அவ்வளவு காலம் காலியாகக் கிடந்தும், நம் வாழப்பாடிக்காரர் போன்றவர்களுக்கென்று ஒரு கிளப் அங்கே வேர் பிடிக்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது. விட்டில் பூச்சிக்கு வேண்டியது அந்த ரன்வேயில் சின்னத் துண்டு!

ஆசை மட்டும் செத்துப்போகவில்லை. பெங்களூரில் உள்ள நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரி இரண்டு சீட் 'ஹன்சா' விமானத்தை 1993ல் பறக்கவிட்டது, 2021ல் அதன் புது வடிவத்தையும். இரண்டுமே பயிற்சிப் பள்ளிகளுக்காகத்தான். வாழப்பாடிக் கல்யாண மண்டபங்களிலோ இப்போது போட்டோகிராஃபர் பையன் கையில் ரிமோட்டோடு நிற்கிறான். ட்ரோன் பந்தலுக்கு மேலே ஏறி ஒரு வட்டம் போடுகிறது. சாப்பாட்டுப் பந்தியில் இருப்பவர்கள்கூட எழுந்துவந்து அண்ணாந்து பார்க்கிறார்கள்.