தேர்ச்சிக்கு ஏற்ற மானியம்

1861ஆம் ஆண்டு இங்கிலாந்தில், ராபர்ட் லோ கல்வித் துறையின் பொறுப்பில் இருந்தபோது, அரசாங்க மானியம் பெறும் ஆரம்பப் பள்ளிகளில் உபாத்தியாயரின் உழைப்பை மாணாக்கரின் தேர்ச்சியைக் கொண்டே அளந்து, அதற்கேற்பப் பணம் வழங்குவதென்று புதிய விதித்தொகுப்பொன்று வெளிவந்தது. ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேளாமல் பிறந்த அவ்விதிகளுக்கு உபாத்தியாயர்களும், பள்ளி நிர்வாகிகளும், பாதிரிமார்களும் கடும் ஆட்சேபம் தெரிவிக்கவே, 1862இல் அவை சிறிது தளர்த்தப்பெற்று, மானியத்தில் ஒரு பங்கு மாணாக்கரின் வருகைக்கென ஒதுக்கப்பட்டது. எனினும், வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றனுள் ஒன்றில் பிள்ளை தவறினாலும், மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைந்துவிடும்.

விளைவு யாது? பரிசோதகர் வரும் நாளை எண்ணி நடுங்கிய உபாத்தியாயர் ஒரே வாசகப் புத்தகத்தை ஆண்டு முழுவதும் உருப்போடச் செய்ய, குழந்தைகள் பொருளறியாமலே அதனை ஒப்பித்தனர். தாமே பரிசோதகராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இம்முறையை இடைவிடாது கண்டித்தார். 1870இல் தோன்றிய ஆசிரியர் சங்கமும் எதிர்த்து நின்றது. 1890இல் தளரத் தொடங்கிய அம்முறை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் முற்றும் ஒழிந்தது.

ஆசிரியரை மதிப்பிடுவது அவசியமே. ஆயினும் வகுப்பறையை அறிந்தவர்களின் சொல்லுக்குச் செவிசாய்க்காமல் வகுக்கும் அளவுகோல் கல்வியையே குறுக்கிவிடும் என்பதை நாம் மறத்தலாகாது.